லாக் நெஸ் பச்சை ஜெம் 777: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1987-இல் ஜப்பானில் செய்த 777 கிட்டார்கள். கண்ணைக் கூசவைக்கும் பச்சை நிறம், உடம்பில் கை நுழைக்க ஒரு துளை, ஸ்டீவ் வையின் கையெழுத்து. இந்தக் கிட்டாரைப் பற்றி என்னிடம் வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. படம் பார்த்துவிட்டுக் கேட்பவர்கள், வாங்க ஆசைப்பட்டுக் கேட்பவர்கள், வாங்கிவிட்டுப் பயந்துபோய்க் கேட்பவர்கள் என மூன்று வகையினருக்கும் சேர்த்து, எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

இது என்ன கிட்டார்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

ஐபனெஸ் நிறுவனம் அமெரிக்க கிட்டார் கலைஞர் ஸ்டீவ் வையோடு சேர்ந்து உருவாக்கிய ஜெம் வரிசையின் முதல் மாடல்களில் ஒன்று. 1987 ஜூனில் சிகாகோவில் நடந்த ‘நாம்’ (NAMM) என்ற இசைக்கருவிக் கண்காட்சியில் ஜெம் முதன்முதலாக வெளியே வந்தது. அதிர்ச்சி இளஞ்சிவப்பு, பாலைவனச் சூரிய மஞ்சள், லாக் நெஸ் பச்சை என்று வண்ணங்களுக்குப் பெயர் வைத்தார்கள். லாக் நெஸ் என்பது ஸ்காட்லாந்தில் இருக்கும் ஏரி, நீருக்கடியில் ஒரு பூதம் வாழ்வதாகக் கதை சொல்வார்களே, அதே ஏரிதான். மற்ற வண்ணங்கள் வழக்கமான விற்பனைக்கு வந்தன. பச்சை மட்டும் 777-தான், அதற்கு மேல் கிடையாது என்று சொல்லி, ஒவ்வொன்றிலும் வை கையெழுத்துப் போட்டு எண்ணும் இட்டார்.

24 ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்), 648 மில்லிமீட்டர் தந்தி நீளம், பாஸ்வுட் உடம்பு, மேப்பிள் நெக் (கழுத்து), மூன்று பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் காந்தச் சுருள்), பூட்டு வைத்த ட்ரெமொலோ (தந்திகளைத் தாங்கி, அசைந்து சுரத்தை மாற்றும் பிரிட்ஜ்). மற்றதெல்லாம் இந்த எலும்புக்கூட்டின் மேல் வளர்ந்தவை.

ஜெம் என்ற பெயர் எப்படி வந்தது?

ரத்தினம் என்ற பொருளில் வைத்திருப்பார்கள் என்றுதான் நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். வையின் நண்பர் ஜோ டெஸ்பாக்னி, ஜெம் கிட்டார்ஸ் என்ற பெயரில் கிட்டார் செய்துகொண்டிருந்தவர். வைக்கு அவர் செய்து கொடுத்த கருவிகளும் உண்டு. அந்தப் பெயரைத்தான் ஐபனெஸ் மாடலுக்கு வைத்தார்கள். பெரிய நிறுவனத்தின் முக்கியமான மாடல் ஒன்று, ஒரு நண்பனின் சின்னப் பட்டறைப் பெயரை நாற்பது வருடமாகச் சுமக்கிறது. எனக்கு இதில் ஒரு நிறைவு உண்டு.

ஸ்டீவ் வை ஏன் ஐபனெஸிடம் போனார்?

அவர் போகவில்லை, அவர்கள்தான் வந்தார்கள்.

வை 1960-இல் நியூயார்க்கின் லாங் ஐலண்டில் பிறந்தவர். சிறுவயதில் கிட்டார் கலைஞர் ஜோ சாட்ரியானியிடம் பாடம் கற்றார். பிறகு அமெரிக்க இசையமைப்பாளர் ஃபிராங்க் ஸாப்பாவின் கடினமான இசையைக் காதால் கேட்டு நோட்டேஷனாக எழுதிக் கொடுக்கும் வேலையில் சேர்ந்து, அந்தக் குழுவிலேயே கிட்டார் வாசிக்கத் தொடங்கினார். 1980-களின் நடுவில், வான் ஹேலன் ராக் குழுவில் பாடிய டேவிட் லீ ராத்தின் குழுவில் சேர்ந்ததும் அவர் பெயர் உலகமெங்கும் போயிற்று. அந்தக் காலத்தில் அவருக்குப் பிடித்தமாதிரி ஒரு கிட்டார் எந்தக் கடையிலும் இல்லை. சார்வெல் நிறுவனத்தின் ஒரு பச்சை நிறக் கிட்டாரை வெட்டி, குடைந்து, பிக்கப் மாற்றித் தன் கைக்கு ஏற்றபடி ஆக்கி வைத்திருந்தார். கிரீன் மீனி என்று அதற்குப் பெயர். லாக் நெஸ் பச்சையைப் பார்க்கும்போது அந்தப் பழைய கிட்டார்தான் எனக்கு நினைவுக்கு வரும்.

1986 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஐபனெஸ் அவருக்கு மாக்ஸஸ் என்ற தங்கள் மாடல் ஒன்றை அனுப்பிவைத்தது. அந்த வடிவம் அவருக்குச் சரிப்படவில்லை. ஆனால் செய்நேர்த்தி பிடித்திருந்தது. தனக்கு வேண்டியது என்ன என்று விவரமாகச் சொல்லி அனுப்பினார். சில வாரங்களிலேயே அவர் சொன்னபடி செய்த கிட்டார் திரும்பி வந்தது. அடுத்த ஜூனில் கண்காட்சி. ஆறே மாதத்தில் ஒரு மாடல் பிறந்து வெளியே வந்தது என்பது, அந்தத் தொழிற்சாலையின் வேகத்துக்குச் சான்று.

எந்தத் தொழிற்சாலை? ஜப்பானில் எங்கே?

ஐபனெஸுக்குச் சொந்தக்காரரான ஹோஷினோ கக்கி இருப்பது நகோயாவில். ஆனால் கிட்டாரைச் செய்தது ஃபுஜிஜென் கக்கி என்ற வேறொரு நிறுவனம். நாகானோ மாகாணத்தில், ஜப்பானிய ஆல்ப்ஸ் மலைகளுக்கு நடுவே இருக்கும் மட்சுமோட்டோ நகரில் 1960-இல் தொடங்கியது. தொடங்கிய இருவரில் ஒருவரான யோகோஉச்சி யூயிச்சிரோ விவசாயக் குடும்பத்திலிருந்து வந்தவர்.

மட்சுமோட்டோவைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சுற்றிலும் மலை, நடுவில் சமவெளி. கடலோர ஊர்களைவிடக் காற்று வறண்டிருக்கும், மரம் உலர நல்லது. மரச்சாமான் செய்வதில் பழைய பேர் உள்ள ஊர். குழந்தைகளுக்கு வயலின் கற்றுக்கொடுக்கும் முறையால் உலகப் புகழ் பெற்ற ஷினிச்சி சுஸுகி தன் பள்ளியை நடத்தியதும் இங்கேதான். மரவேலைக் கையும் இசைக் காதும் ஒரே ஊரில் சேர்ந்திருந்ததால்தான் ஜப்பானின் கிட்டார் தலைநகரமாக இது ஆனது என்று நான் நினைக்கிறேன். ஜெம்மின் உடம்பு செய்யும் பாஸ்வுட் மரத்துக்கு ஜப்பானிலும் ஓர் உறவு மரம் உண்டு, ஷினா என்பார்கள். நாகானோவின் பழைய பெயர் ஷினானோ. அந்த மரத்தின் பெயரால்தான் அந்தப் பகுதிக்கே பெயர் வந்தது என்று சொல்வோரும் இருக்கிறார்கள்.

ஃபுஜிஜென் அப்போது ஐபனெஸுக்கு மட்டும் வேலை செய்யவில்லை. 1982 முதல் ஃபெண்டர் ஜப்பான் கிட்டார்களும் அங்கேதான் உருவாகிக்கொண்டிருந்தன. அதே கைகள், அதே இயந்திரங்கள். ஜெம்மின் நெக் அத்தனை ஒல்லியாக இருந்தும் வளையாமல் நிற்கிறது என்றால் அதற்குப் பின்னால் பல வருடப் பழக்கம் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1987 ஜப்பானியக் கிட்டார் தொழிலுக்குச் சுகமான வருடம் அல்ல. 1985 செப்டம்பரில் நியூயார்க்கின் பிளாசா ஹோட்டலில் ஐந்து நாடுகள் செய்துகொண்ட உடன்பாட்டுக்குப் பின் யென்னின் மதிப்பு ஏறிக்கொண்டே போனது. 240 யென் கொடுத்தால் ஒரு டாலர் என்றிருந்த நிலை மாறி, 1987 முடிவதற்குள் 130 யென்னுக்கும் கீழே வந்துவிட்டது. ஜப்பானில் செய்து அமெரிக்காவில் விற்பவர்களுக்குக் கழுத்தில் கத்தி வைத்தமாதிரி. அதே மட்சுமோட்டோவில் இருந்த மட்சுமோகு என்ற பெரிய கிட்டார் ஆலை 1987-இல் மூடப்பட்டது. மலிவுக் கிட்டார்கள் கொரியாவுக்குப் போகத் தொடங்கின. விலை குறைத்துப் போட்டியிட முடியாது, வேறு யாரும் செய்யாததைச் செய்தால்தான் பிழைப்பு என்ற நிலைமையில் வந்த கிட்டார் ஜெம். பச்சை வண்ணத்தையும் கைப்பிடியையும் விளையாட்டு என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

ஐபனெஸ் என்பது ஸ்பானியப் பெயர் ஆயிற்றே?

ஆமாம். ஹோஷினோ 1908-இல் புத்தகக் கடையாகத் தொடங்கியது. பிறகு இசைக்கருவிகள் விற்றது. 1929 வாக்கில் ஸ்பெயினிலிருந்து சால்வடோர் இபானியெஸ் என்ற கைவினைஞரின் பெயர் கொண்ட கிட்டார்களை இறக்குமதி செய்தது. அந்தப் பெயரே பிறகு சொந்தக் கிட்டார்களுக்கும் ஒட்டிக்கொண்டது.

ஐபனெஸ் மேல் வழக்குப் போட்டார்களே, அந்தக் கிட்டாரா இது?

இல்லை. அது பத்து வருடம் முந்திய கதை. 1970-களில் ஐபனெஸ், கிப்ஸன் கிட்டார்களை அப்படியே ஒத்த கிட்டார்களை விற்றது. கிட்டாரின் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கின் மேல்விளிம்பு வடிவம் தங்களுடையது என்று கிப்ஸனின் உரிமையாளரான நார்லின் 1977-இல் ஃபிலடெல்ஃபியாவில் வழக்குத் தொடுத்தது. தீர்ப்பு வரைக்கும் போகாமல் இரு தரப்பும் சமாதானமாகப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகுதான் ஐபனெஸ் முழு மூச்சாகச் சொந்த வடிவங்களில் இறங்கியது. ஜெம் அந்தப் பாதையில் வந்தது. பழைய ஜப்பானியக் கிட்டார் எதைப் பார்த்தாலும் வழக்குக் கிட்டார் என்று சொல்லி விலையேற்றும் பழக்கம் விற்பவர்களிடம் இருக்கிறது, ஏமாற வேண்டாம்.

உடம்பில் அந்தத் துளை எதற்கு? தூக்கிப் போகவா?

மங்கி கிரிப் என்பார்கள். குரங்கு கிளையைப் பிடிப்பதுபோல நான்கு விரலை நுழைத்துப் பிடிக்கலாம். தூக்கவும் செய்யலாம், மேடையில் வை அதைப் பிடித்துக் கிட்டாரைச் சுழற்றியும் இருக்கிறார். ஆனால் பயனுக்காக மட்டும் பிறந்தது அல்ல. வேறு எந்தக் கிட்டாரிலும் இல்லாத ஓர் அடையாளம் வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார், அவ்வளவுதான். தொலைவிலிருந்து நிழலைப் பார்த்தாலே இது ஜெம் என்று தெரிந்துவிடும்.

டோக்கியோவின் ஒச்சனோமிஸு பகுதியில் கிட்டார் கடைகளாகவே ஒரு தெரு உண்டு. அங்கே ஒரு கடையில்தான் இந்தப் பச்சை ஜெம்மை முதன்முதலில் கையில் வாங்கினேன். கடைக்காரர் பூட்டிய கண்ணாடி அலமாரியைத் திறந்து, மேஜைமேல் துணி விரித்து, அதன்மேல் கிட்டாரை வைத்தார். என் கை முதலில் போனது அந்தத் துளைக்குத்தான். விரல் நுழைந்த இடத்தில் விளிம்பெல்லாம் உருட்டி வழவழவென்று இருந்தது, எங்கும் உறுத்தவில்லை. துளையின் உள்சுவரில், சுண்டுவிரல் படும் மூலையில், பச்சை சற்றே மழுங்கி இருந்தது. யாரோ ஒருவர் பல வருடம் இங்கேயே பிடித்திருக்கிறார். அந்த மழுங்கலைப் பார்த்தபோது, இதை ஒருவர் உண்மையாகவே வாசித்திருக்கிறார் என்ற சந்தோஷம் வந்தது.

பிரிட்ஜுக்குப் பின்னால் ஏன் பள்ளமாகக் குடைந்திருக்கிறார்கள்?

இதுதான் இந்தக் கிட்டாரின் உயிர். சற்று விரிவாகவே சொல்கிறேன்.

அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்பது முதல் நாற்பத்திரண்டு பங்கு வரை தடிமன் உள்ள மெல்லிய தந்திகளைச் சாதாரண ட்யூனிங்கில் மாட்டினால், ஆறு தந்தியும் சேர்ந்து பிரிட்ஜை ஏறத்தாழ 38 கிலோ விசையோடு முன்னால் இழுக்கும். உடம்பின் பின்பக்கக் குழியில் இருக்கும் ஸ்பிரிங்குகள் அதே விசையோடு எதிர்ப்பக்கம் இழுக்கும். இரண்டு இழுப்பும் சமமாகும் இடத்தில் பிரிட்ஜ் தராசு முள்போல நிற்கிறது. அதைத் தாங்குவது இரண்டே தண்டுகள். அந்தத் தண்டுகளில் பிரிட்ஜின் கூர்மையான கத்திமுனை போன்ற விளிம்பு உட்கார்ந்திருக்கிறது.

பிரிட்ஜில் மாட்டிய கைக்கம்பியான வாமி பாரை அமுக்கினால் பிரிட்ஜ் முன்னால் சாயும், தந்தி தளரும், சுரம் இறங்கும். இது பழைய கிட்டார்களிலும் உண்டு. பாரைத் தூக்கினால் பிரிட்ஜின் பின்பாகம் கீழே போக வேண்டும். ஆனால் அங்கே மரம் தடுக்கும். சுரம் கொஞ்சம்தான் ஏறும். வை தன் பழைய கிட்டாரில் அந்த மரத்தைத் தானே குடைந்து எடுத்திருந்தார். ஜெம்மில் அதையே தொழிற்சாலை அழகாகச் செய்து கொடுத்தது. நகம் கீறியதுபோல வரிவரியாக இருப்பதால் சிங்க நகம் என்று பெயர். பிரிட்ஜ் இப்போது பின்னால் நன்றாகச் சாயும். சுரத்தை மேலேயும் வளைக்கலாம், பாடுவதுபோல, அழுவதுபோல, குதிரை கனைப்பதுபோல.

இப்படி இழுத்தும் தளர்த்தியும் ட்யூனிங் கலையாமல் இருக்க வேண்டுமே. அதற்கு ஃப்ளாய்ட் ரோஸ் 1970-களின் கடைசியில் கண்டுபிடித்த பூட்டு முறை உதவியது. மேலே கழுத்து முனையில் தந்தி தங்கும் நட்டிலும் கீழே பிரிட்ஜிலும் தந்தியைத் திருகி இறுக்கிவிட்டால் நடுவில் எங்கும் வழுக்காது. ஐபனெஸ் அதே முறையில் எட்ஜ் என்ற பிரிட்ஜை 1986 வாக்கில் கொண்டுவந்தது. ஜெம்மில் இருப்பது அதுதான். இன்றைக்கும் பழைய எட்ஜ் பிரிட்ஜைத் தேடி அலைபவர்கள் உண்டு. அதன் எஃகு அவ்வளவு கெட்டி.

ஃப்ரெட்போர்டில் இருக்கும் முக்கோணங்கள்?

மறையும் பிரமிடுகள். ஃப்ரெட் பதித்த மேப்பிள் பலகையில் பச்சை, இளஞ்சிவப்பு, மஞ்சள் நிறத்தில் பதித்திருக்கும். ஃப்ரெட் மேலே போகப்போகப் பிரமிடு கொஞ்சம் கொஞ்சமாகப் பலகையின் விளிம்புக்குள் மூழ்கிவிடும். கடைசி நான்கு ஃப்ரெட்டுகளுக்கு நடுவே மரத்தைப் பள்ளமாகச் செதுக்கியிருப்பார்கள். அங்கே விரல் தந்தியை மட்டுமே தொடும், மரத்தைத் தொடாது. உச்சத்தில் தந்தியை வளைக்க அது மிகவும் வசதி. வீணை மெட்டுகளின் மேல் தந்தியை இழுத்துக் கமகம் பிடித்தவர்களுக்கு இந்த உணர்வு உடனே புரியும்.

ஒலி எப்படி?

டிமார்ஸியோ செய்த பிக்கப்கள். இரண்டு பக்கமும் பாஃப் ப்ரோ என்ற இரட்டைச் சுருள் பிக்கப், நடுவில் ஒற்றைச் சுருள். ஐந்து நிலை சுவிட்ச். இதில் கெட்டிக்காரத்தனம் இரண்டாவது, நான்காவது நிலைகளில் இருக்கிறது. அங்கே இரட்டைச் சுருளில் ஒரு சுருளை மட்டும் எடுத்து, நடு பிக்கப்போடு சேர்த்துவிடும். கனத்த ராக் ஒலி தரும் கிட்டார் ஒரு சொடுக்கில் மணி போன்ற தெளிந்த, மெலிந்த ஒலிக்கு மாறிவிடும். அந்தக் காலத்தில் இதற்காக மேடையில் இரண்டு கிட்டார் மாற்றுவார்கள்.

பாஸ்வுட் மென்மையான மரம், ஒலியில் தனக்கென்று அதிக நிறம் சேர்க்காது என்பது என் அனுபவம். ஆம்பில் டிஸ்டார்ஷன் எவ்வளவு ஏற்றினாலும் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் கேட்கும். கனமான, இருண்ட ஒலி வேண்டுமென்றால் இது உங்களுக்கான கிட்டார் இல்லை.

அந்தப் பச்சை மங்கிவிடுமா?

மங்கும். இதைத் தெரிந்துகொண்டுதான் வாங்க வேண்டும்.

இது ஒளிரும் சாயம். கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி, கண்ணுக்குத் தெரியும் பச்சையாகத் திருப்பித் தருவதால்தான் சாதாரணப் பச்சையைவிடப் பளிச்சென்று இருக்கிறது. ஆனால் எந்தக் கதிர் அதை ஒளிர வைக்கிறதோ, அதே கதிர்தான் சாயத்தின் மூலக்கூறுகளை மெல்ல மெல்ல உடைக்கிறது. ஜன்னல் பக்கம் ஸ்டாண்டில் நிற்க வைத்தால் சில வருடங்களில் முன்பக்கம் வெளிறி, பின்பக்கம் மட்டும் புதுசு போல இருக்கும். வெயில் படாத சுவர், பெட்டி, மஞ்சள் விளக்கு போதும். அப்படி வைத்த கிட்டார்கள் இன்றும் கண்ணைக் கூசவைக்கின்றன.

மங்கிவிட்டது என்று மறுபடி பெயிண்ட் அடிக்காதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். வெளிறிய அசலைத் தேடி வாங்குவார்கள், புதுப் பெயிண்டைப் பார்த்தால் ஒதுங்கிப் போவார்கள்.

அசலா போலியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பெரும்பாலான போலிகள் முழுப் போலிகள் அல்ல. உண்மையான இளஞ்சிவப்பு ஜெம்மையோ மஞ்சள் ஜெம்மையோ எடுத்துப் பச்சை அடித்திருப்பார்கள். அதனால் கைப்பிடி, பிரமிடு, பிக்கப், பிரிட்ஜ் எல்லாம் சரியாகவே இருக்கும்.

எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படித்தான் மாட்டினார். நல்ல விலை கொடுத்து வாங்கிய பச்சை ஜெம்மைக் கொண்டுவந்தார். வெளியே பார்த்தால் குறையே சொல்ல முடியாது. பின்பக்க ஸ்பிரிங் மூடியின் திருகுகளைக் கழற்றினோம். ஒரு திருகுத் துளையின் வாயில், தலைமுடி அளவுக்கு மெல்லிய வளையமாக, பச்சைக்குக் கீழே இளஞ்சிவப்பு தெரிந்தது. அவர் எதுவும் பேசவில்லை, டார்ச்சை மறுபடி மறுபடி அந்தத் துளைக்கே காட்டிக்கொண்டிருந்தார். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

எனவே திருகுத் துளைகள், குழி விளிம்புகள், நெக் உடம்போடு சேரும் பொருத்துவாய் ஆகிய இடங்களை வாங்குவதற்கு முன்பே பார்க்க வேண்டும். ஒளிரும் சாயம் தானாகப் பளிச்சிடாது, அடியில் வெள்ளைப் பூச்சு வேண்டும். அசலில் மரம், அதன்மேல் வெள்ளை, அதன்மேல் பச்சை என்று இருக்கும். நடுவில் வேறு நிறம் வந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். புற ஊதா டார்ச் ஒன்றை இருட்டறையில் அடித்துப் பார்ப்பதும் நல்லது. ஒட்டுப் பெயிண்ட் செய்த இடம் சுற்றியுள்ள இடத்தைப் போல ஒளிராது.

அடுத்தது சீரியல் எண். எஃப் என்ற எழுத்து ஃபுஜிஜென்னைக் குறிக்கும், அதையடுத்த முதல் இலக்கம் வருடத்தின் கடைசி இலக்கம். எனவே எஃப் 7 என்று தொடங்கினால் 1987. இந்தத் தொழிற்சாலை எண்ணும், வை கையால் போட்ட 777-க்குள்ளான எண்ணும் வேறு வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு, எண் பொருந்தவில்லையே என்று கலங்குபவர்கள் நிறைய.

நெக் உடம்போடு சேரும் இடத்தையும் கவனியுங்கள். அந்தக் காலத்தில் அது கட்டையாக, சதுரமாக இருக்கும். கைக்கு வழிவிட்டு வழவழவென்று செதுக்கிய பொருத்துவாய் 1990-களில் வந்தது.

2017-இல் ஜெம்மின் 30-ஆம் வருடத்துக்காக இந்தப் பழைய வண்ணங்களை மீண்டும் வெளியிட்டார்கள். அவை நேர்மையான கிட்டார்கள், ஆனால் 1987-இன் 777-இல் சேராதவை.

வாங்கும்போது இயக்கிப் பார்க்க வேண்டியது என்ன?

ட்ரெமொலோவின் கத்திமுனை. தந்தியை மீட்டி, பாரைத் தரைமட்டம் அமுக்கி விடுங்கள், ட்யூனரைப் பாருங்கள். பிறகு மேலே இழுத்து விடுங்கள், மறுபடி பாருங்கள். இரண்டு முறையும் அதே சுரத்தில் வந்து நின்றால் முனை நன்றாக இருக்கிறது. ஒருமுறை மேலேயும் ஒருமுறை கீழேயும் நின்றால் முனை தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். இதற்குப் பெரிய காரணம் ஒன்றே. தந்தி முழு இறுக்கத்தில் இருக்கும்போதே தண்டுகளைத் திருகி உயரத்தை மாற்றுவார்கள். 38 கிலோ அழுத்தத்தில் கத்திமுனை தண்டின்மேல் அரைபடும். தந்தியைத் தளர்த்திவிட்டுத் திருகினால் இந்தப் பிரச்சினையே வராது.

பிக்கப், பிரிட்ஜ், நட், வாமி பார் எல்லாம் அசல்தானா என்றும் கேளுங்கள். நாற்பது வருடத்தில் பார் தொலைந்துபோயிருப்பது சகஜம், அதைப் பெரிய குறையாக நான் நினைக்கமாட்டேன்.

விலை?

கையெழுத்தும் எண்ணும் அழியாமல், நிறம் மங்காமல், அசல் பாகங்களோடு, பெட்டியோடு இருந்தால் ஒரு விலை. இதில் ஒவ்வொன்று குறையும்போதும் இறங்கும். மறுபடி பெயிண்ட் அடித்ததற்கு ஆகப் பெரிய இறக்கம். மாதத்துக்கு மாதம் மாறுவதால் தொகை எழுதிப் பயனில்லை. கேட்கும் விலையைப் பார்க்காமல், உண்மையில் விற்ற விலையைப் பாருங்கள்.

வெளிநாட்டிலிருந்து வாங்கினால் மரத்துக்காகச் சிக்கல் வருமா?

பச்சை ஜெம்மின் ஃப்ரெட்போர்டு மேப்பிள் என்பதால் வராது. சிக்கல் ரோஸ்வுட்டுக்குத்தான். நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரமும் அந்த இனம்தான். 2017 ஜனவரியில் அந்த இனம் முழுவதையும் பன்னாட்டு வனவுயிர் வணிக ஒப்பந்தத்தின் கீழ் கொண்டுவந்தபோது, ரோஸ்வுட் பலகை உள்ள கிட்டாரை எல்லை தாண்டி விற்கக் காகிதம் தேவைப்பட்டது. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் விலக்குக் கொடுத்தார்கள். சுங்கத் தீர்வை தனிக் கணக்கு, அதை வாங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

எனக்கு இது கட்டுப்படியாகாது. அதே உணர்வு தரும் வேறு கிட்டார் உண்டா?

தயங்காமல் சொல்வேன், ஐபனெஸின் ஆர்ஜி 550. ஜெம் வந்த அதே 1987-இல், அதே வடிவத்தை அடியொற்றி வந்தது. கைப்பிடி இல்லை, பிரமிடு இல்லை. ஆனால் எட்ஜ் பிரிட்ஜ், ஒல்லி நெக், 24 ஃப்ரெட், பாஸ்வுட் உடம்பு எல்லாம் உண்டு. ஜப்பானில் செய்த பழைய ஆர்ஜி 550 ஒன்று நல்ல நிலையில் கிடைத்தால் விடாதீர்கள்.

ஜெம் பெயரே வேண்டும் என்றால் கவனம் தேவை. ஜெம் என்று எழுதியதெல்லாம் ஜப்பானில் செய்தது இல்லை. ஜெம் 555 கொரியாவில் செய்தது, பிறகு வந்த ஜெம் ஜூனியர் இந்தோனேசியாவில். பழகுவதற்கு நல்ல கிட்டார்கள்தான், ஆனால் மட்சுமோட்டோ விலை கொடுத்து வாங்காதீர்கள்.

இதைவிட அரிய ஜெம் இருக்கிறதா?

2000-இல் வந்த டிஎன்ஏ ஜெம் 300 மட்டுமே. அதன் பெயிண்டில் வையின் ரத்தத்தைக் கலந்தார்கள், உண்மையாகவே. அது அவருடைய தீவிர ரசிகர்களுக்கான நினைவுப்பொருள். இரண்டில் ஒன்றை எனக்குக் கொடுத்தால் பச்சையைத்தான் எடுப்பேன். ஏனென்றால் அந்த வடிவம் பிறந்த வருடத்தின் கிட்டார் அது. ஏழு தந்தி கொண்ட யுனிவர்ஸ் 1990-இல் இதிலிருந்துதான் பிறந்தது. பிறகு கோர்ன் போன்ற ராக் குழுக்கள் அந்த ஏழு தந்தியை எடுத்துக்கொண்டு முற்றிலும் வேறொரு இசைக்குப் போனார்கள்.

வாங்கியாகிவிட்டது. வாசிக்கலாமா, பெட்டியிலேயே வைக்கலாமா?

வாசியுங்கள். பாஸ்வுட் மென்மையான மரம், மோதினால் பள்ளம் விழும், பெல்ட் பக்கிள் உரசினால் கீறும். அதற்குமட்டும் ஜாக்கிரதையாக இருந்தால் போதும். வாசிக்காமல் வைத்தாலும் பிரிட்ஜில் துரு ஏறும், ஸ்பிரிங் களைக்கும், சுவிட்ச் கரகரக்கும். வாசித்து முடித்ததும் வியர்வையைத் துடைத்துவிடுங்கள், குறிப்பாக பிரிட்ஜின் திருகுத் தலைகளில். மழைக்காலத்தில் பெட்டிக்குள் சிலிக்கா பொட்டலம் போடுங்கள். கையெழுத்து இருக்கும் இடத்தில் மட்டும் பாலிஷ் எதுவும் போடாதீர்கள், துணியால்கூட அழுத்தித் தேய்க்காதீர்கள்.

ஒச்சனோமிஸு கடைக்காரர் அன்று கிட்டாரை என்னிடம் கொடுத்ததும், கேட்காமலேயே ஆம்பை ஆன் செய்து கேபிளை மாட்டிவிட்டார். நான் பயந்து பயந்து ஒரே ஒரு சுரத்தை மீட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே கையை நீட்டி, வாமி பாரைத் தூக்கும்படி சைகை காட்டினார்.